இரும்புக் குதிகாலும் கோரல் மில்லும்

நாளைய உலகம் எப்படி இருக்கும்? இந்தக் கேள்விக்கு மேல்நாட்டுக் கதாசிரியர்களும் சினிமாக்காரர்களும் நூறு வருஷத்துக்கு மேலாக ஒரே பதிலைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்லி வருகிறார்கள். உலகம் இரண்டாகப் பிளந்து கிடக்குமாம். மேலே சிலர், கீழே பலர். மேலே இருப்பவன் தின்பான். கீழே இருப்பவன் உழைப்பான். நடுவிலே ஏற முடியாத ஒரு சுவர்!

2013-ல் வந்த 'ஸ்னோபியர்சர்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். எடுத்தவர் தென்கொரிய டைரக்டர் போங் ஜூன் ஹோ. பூமி முழுவதும் பனியில் உறைந்து போகிறது. மிஞ்சிய மனிதர்கள், நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு ரயிலுக்குள் வாழ்கிறார்கள். முன்பெட்டிகளில் விருந்தும் கேளிக்கையும். கடைசிப் பெட்டியில் அழுக்கும் பசியும். எஞ்சினில் ஒரு உறுப்பு தேய்ந்துவிடுகிறது. மாற்றுச் சாமான் கிடைக்கவில்லை. என்ன செய்கிறார்கள் தெரியுமா? கடைசிப் பெட்டியிலிருந்து சின்னஞ்சிறு பிள்ளையைப் பிடித்து வந்து, அந்த உறுப்பு இருந்த இடத்தில் உட்கார்த்தி வேலை வாங்குகிறார்கள்! பார்த்த கனவான்கள், 'ஐயோ, எவ்வளவு பயங்கரமான கற்பனை!' என்று நடுங்கிப் போனார்கள்.

முத்துநகர் எக்ஸ்பிரஸின் முன்பதிவில்லாப் பெட்டியில், கக்கூஸ் கதவோரம் நின்றபடியே தூத்துக்குடியிலிருந்து சென்னை வரை போன உப்பளத் தொழிலாளிக்கு இதில் என்ன கற்பனை இருக்கிறது? பள்ளிக்கூடம் போகவேண்டிய வயதில் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கி வளர்ந்த பெண்ணுக்கு, குழந்தையை யந்திரத்தின் உறுப்பாக்குவது புதுச் செய்தியா? அவர்களுக்கு அது நாளைய பயம். நமக்கு அது நேற்றைய அனுபவம். பல இடங்களில் இன்றைய அனுபவமும்கூட.

ஆனாலும் இந்தக் கதைகளை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடக்கூடாது என்பது நமது கருத்து. அவற்றில் ஒரு பெரிய பொய் இருக்கிறது. ஒரு பெரிய எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிந்து கொள்வது உழைக்கும் மக்களுக்கு அவசியம். அதற்குத் தூத்துக்குடிக் கரையைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை.

கடலுக்கு அடியில் இருந்தவர்கள்

இந்தக் கதைகளுக்கெல்லாம் முன்னோடியாக 1895-ல் எச்.ஜி.வெல்ஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 'கால யந்திரம்' என்ற நாவலை எழுதினார். ஒருவன் யந்திரம் ஏறி 8,02,701-ம் வருஷத்துக்குப் போகிறான். அங்கே பூமிக்கு மேலே, வேலை என்றால் என்னவென்றே தெரியாத பூஞ்சையான சுகவாசிகள். பூமிக்கு அடியிலே, இருட்டில் யந்திரங்களோடு கிடந்து வெளிறிப்போன உழைப்பாளிகளின் சந்ததி.

இதைப் பார்க்க எட்டு லட்சம் வருஷம் போகவேண்டுமா? கொற்கைக்கு வந்திருந்தால் போதாதா?

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்ற கடல் வழி நூலில் நமது கொற்கை வருகிறது. பாண்டியர் ஆட்சிக்கு உட்பட்ட அந்த முத்துத்துறையில், தண்டனை விதிக்கப்பட்ட கைதிகளைக் கொண்டு முத்துக்குளிப்பு நடத்தப்படுகிறது என்று அதில் எழுதியிருக்கிறது. ரோமாபுரிச் சீமாட்டிகளின் கழுத்தில் மின்னிய முத்து, இங்கே தண்டிக்கப்பட்டவன் மூச்சடக்கி எடுத்த முத்து. மேல் உலகம் ரோமாபுரியில். கீழ் உலகம் மன்னார் வளைகுடாவின் அடியில். வெல்ஸ் பிறப்பதற்கு 1,800 வருஷங்களுக்கு முன்பே இந்தக் கதை இங்கே நடந்துவிட்டது!

பிறகு ராஜாக்கள் மாறினார்கள். 13-ம் நூற்றாண்டில் இந்தக் கரையைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு என்றும், சுறாவை மந்திரத்தால் கட்டுகிறவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் கணக்குச் சொல்கிறார். போர்ச்சுகீசியர் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அவர்களுக்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனி. பிரிட்டிஷ் சர்க்கார் காலத்தில் பங்கு எப்படித் தெரியுமா? எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருக்கு. மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அந்த ஒரு பங்கிலும் கயிறு பிடித்தவனுக்குக் கொஞ்சம், படகுக்காரனுக்குக் கொஞ்சம் போக, மிஞ்சியதுதான் கடலுக்குள் போனவனுக்கு!

அவன் செய்த வேலை என்ன? கல்லில் காலை ஊன்றிக்கொண்டு பல பாக ஆழத்துக்கு இறங்குவான். ஒரு மூச்சு. சுமார் ஒரு நிமிஷம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பிகளையெல்லாம் வலையில் வாரிப் போட்டுக்கொண்டு கயிற்றை இழுப்பான். மேலே வரும்போது மூக்கிலும் காதிலும் ரத்தம் கசிவதுண்டு. இப்படி ஒரு நாளில் எத்தனையோ தடவை.

வாரத்துக்கு உழுத குடியானவனுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை. உழைப்பு ஒருவனுடையது, களத்திலே குவியல் மற்றொருவனுடையது. நிலத்தில் நெல், கடலில் சிப்பி. பொருள்தான் வேறு, அளக்கிற மரக்கால் ஒன்றே.

சுதந்திரத்துக்குப் பிறகு சென்னை சர்க்கார் 1955 முதல் 1961 வரை முத்துக்குளிப்பு நடத்தியது. அதோடு சரி. முத்து போய்விட்டது, 'முத்துநகர்' என்ற பெயர் மட்டும் ரயிலுக்கு மிஞ்சியது. மூச்சடக்கியவர்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறார்கள்.

இனி வெல்ஸின் பொய்க்கு வருவோம். அவருடைய கதையில் கீழ் உலகத்து மனிதர்கள் இரவிலே மேலே வந்து சுகவாசிகளைப் பிடித்துத் தின்கிறார்கள்! உழைப்பாளி கடைசியில் மிருகமாகிவிடுவானாம். இது சுகமாக வாழ்கிறவனின் உள்மனத்துப் பயமே தவிர, உண்மையல்ல. கடலுக்கு அடியில் போனவன் மிருகமாகவில்லை. எந்தப் பாரில் சிப்பி விளைந்திருக்கிறது, வாடை எப்போது திரும்பும், கச்சான் வீசினால் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவனுக்குத்தான் தெரியும். வெள்ளைக்கார அதிகாரி அவன் வாயைக் கேட்டுத்தான் கணக்கு எழுதினான். அறிவு கீழே இருந்தது. ஏலத் தொகை மேலே போயிற்று.

1927-ல் ஜெர்மனியில் 'மெட்ரோபோலிஸ்' என்ற படம் வந்தது. பூமிக்கு அடியில் தொழிலாளர் நகரம். பத்து மணி நேர ஷிப்ட். கடைசிக் காட்சியில் முதலாளியும் தொழிலாளியும் கைகுலுக்கிக் கொள்கிறார்கள். சுபம்! மறுநாள் ஷிப்ட் எத்தனை மணி நேரம் என்பதைப் படம் சொல்லவில்லை. அது வேறு வகைப் பொய்.

ஜாக்ஸனின் கை

ஆனால் இந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு நாவல் தனியாக நிற்கிறது. அமெரிக்காவில் ஜாக் லண்டன் எழுதிய 'இரும்புக் குதிகால்'. வெளிவந்தது 1908-ம் வருஷத் தொடக்கத்தில். இந்த வருஷத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஜாக் லண்டன் மாடியில் உட்கார்ந்து எழுதியவர் அல்ல. சிறுவயதிலேயே டப்பாவில் உணவு அடைக்கும் ஆலையில் கூலி வேலை. பிறகு சான்பிரான்சிஸ்கோ வளைகுடாவில், பெரிய கம்பெனிக்காரர்கள் வளர்த்த சிப்பிப் படுகைகளில் இரவோடு இரவாகச் சிப்பி திருடியவர். பிறகு சணல் மில்லில் மணிக்கு 10 சென்ட் கூலி. சிப்பியும் தெரியும், மில்லும் தெரியும். தூத்துக்குடியில் பிறந்திருந்தாலும் அன்னியராக இருந்திருக்க மாட்டார்!

கதை இதுதான். நாட்டின் சொத்தெல்லாம் சில பெருமுதலாளிகள் கைக்குப் போகிறது. தேர்தலில் ஜனங்கள் ஜெயித்தாலும் ஆட்சியை விட்டுக் கொடுக்க அவர்கள் மறுக்கிறார்கள். பத்திரிகை அவர்களுடையது, கோர்ட் அவர்களுடையது, பட்டாளம் அவர்களுடையது. பூட்ஸின் இரும்புக் குதிகாலால் முகத்தில் மிதிப்பதுபோல மூன்று நூற்றாண்டுக் காலம் மிதிக்கிறார்கள். இந்தக் கொடுங்கோலுக்குத்தான் கதாநாயகன் எர்னஸ்ட் எவர்ஹார்டு 'இரும்புக் குதிகால்' என்று பெயர் வைக்கிறான்.

இந்த நாவலில் மில் தொழிலாளர் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பகுதி உண்டு. ஸியரா மில்லில் ஜாக்ஸன் என்று ஒரு தொழிலாளி. பல வருஷ சர்வீஸ். ஒரு நாள் ஓவர்டைம் வேலை; அலுத்துப்போன உடம்பு. யந்திரத்துக்குள் ஒரு கல் துண்டு விழுவதைப் பார்க்கிறான். விட்டால் யந்திரத்தின் பற்கள் உடைந்துபோகும், கம்பெனிக்கு நஷ்டம். விசுவாசமுள்ள தொழிலாளியல்லவா? கையை விடுகிறான். யந்திரம் பிழைத்தது, விரல் நுனி முதல் தோள் வரை கை போய்விட்டது.

கம்பெனி என்ன செய்தது? நஷ்டஈடு தர மறுத்தது. வழக்குப் போட்டான், தோற்றான். ஏன் தோற்றான்? அவனோடு நின்று வேலை செய்த மேஸ்திரி, 'ஜாக்ஸனின் அஜாக்கிரதைதான் காரணம்' என்று சாட்சி சொன்னார். அவர் கெட்டவரா? இல்லை. வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள். உண்மையைச் சொன்னால் வேலை போய்விடும். ஒற்றைக் கையனுக்கு வாட்ச்மேன் வேலைகூடக் கொடுக்கவில்லை. அவன் வீடு வீடாகப் போய்ப் பிரம்புச் சாமான் விற்றுப் பிழைக்கிறான். அந்த மில்லின் பங்கு லாபத்தில் வாங்கிய பட்டுக் கவுனைப் போட்டிருக்கிற ஒரு பெண்ணிடம், அதில் ஜாக்ஸனின் ரத்தம் சொட்டுவதாகச் சொல்கிறான் எர்னஸ்ட். அவள் நம்பவில்லை, நேரில் விசாரிக்கப் போகிறாள். போனவள் திரும்பி வரும்போது வேறு மனுஷியாக வருகிறாள்.

கதைதானே என்கிறீர்களா? கோர்ட்டில் ஏழையின் சொல் எப்படி எடுபடும் என்பதற்கு நம் நாட்டுக் கூலி விவசாயிகளைக் கேளுங்கள். 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கீழத் தஞ்சையில் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிந்து சாம்பலானார்கள். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதும், சங்கத்தை விடமாட்டோம் என்றதும்தான் அவர்கள் செய்த குற்றம். 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுதலை செய்தது. கார் வைத்திருக்கிற பணக்காரர்கள் நடந்து போய்த் தங்கள் கையாலேயே தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கஷ்டம் என்பது அந்தத் தீர்ப்பில் கண்ட ஒரு காரணம்! ஜாக்ஸனுக்கு ஒரு கை போயிற்று. இங்கே ஒரு சேரியே போயிற்று.

ஒன்பது நாள்

இப்போது அந்த 1908-க்குத் திரும்புவோம்.

அமெரிக்காவில் 'இரும்புக் குதிகால்' அச்சாகி வெளிவந்த அதே வருஷத் தொடக்கத்தில், தூத்துக்குடியில் ஹார்வி கம்பெனியின் கோரல் மில்லில் என்ன நிலைமை? விடிவதற்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரலாம். வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடையாது. வயிற்றுக்குப் போதாத கூலி. குழந்தைகளும் வேலைக்காரர்கள். அடி உதையும் உண்டு. ஜாக் லண்டனின் நாவலிலிருந்து கிழித்து எடுத்த பக்கம்போல இல்லையா?

ஆனால் இங்கே கதை வேறு விதமாகத் திரும்பியது. வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனிக்குப் போட்டியாக 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சிதம்பரம் பிள்ளையும், சுப்பிரமணிய சிவாவும் கடற்கரைக் கூட்டங்களில் மில் தொழிலாளரின் கஷ்டத்தை எடுத்துப் பேசினார்கள். 1908 பிப்ரவரி 27-ந் தேதி ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்தார்கள். கூலி உயர்வு வேண்டும், வாரம் ஒரு நாள் விடுமுறை வேண்டும், வேறு விடுமுறை வசதிகளும் வேண்டும் என்பது கோரிக்கை.

யோசித்துப் பாருங்கள். அப்போது தொழிற்சங்கம் என்ற பெயரே இந்தப் பக்கம் கிடையாது. சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது 1918-ல்தான். சந்தா இல்லை, ரசீது இல்லை, வேலைநிறுத்த நிதி இல்லை. கூட்டம் போடத் தடை, வெளியூரிலிருந்து போலீஸ். பட்டினி போட்டால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவார்கள் என்று ஹார்வி துரை கணக்குப் போட்டார்.

கணக்குத் தப்பிற்று. ஏன்? ஊர் முழுவதும் தொழிலாளியின் பின்னால் நின்றது. வீடுகளில் சோறு போட்டார்கள். கூலிக்கு வேறு வேலை கொடுத்தார்கள். வியாபாரிகள் உதவினார்கள். துரைமார் பக்கம் நின்ற ஒரு வக்கீலுக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, விஷயம் தெரிந்ததும் பாதிச் சவரத்தில் எழுந்து போய்விட்டார் என்று இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். மில்லுக்குள் நூல் நூற்றவனுக்கும் மில்லுக்கு வெளியே கத்தி பிடித்தவனுக்கும் நடுவில் சுவர் இல்லை!

ஒன்பதாவது நாள் கம்பெனி இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, வார விடுமுறை கிடைத்தது. மார்ச் 7-ந் தேதி தொழிலாளர்கள் தலை நிமிர்ந்து வேலைக்குத் திரும்பினார்கள்.

இரும்புக் குதிகால் சும்மா இருக்குமா? மார்ச் 12-ந் தேதி வ.உ.சி.யும் சிவாவும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். தூத்துக்குடியில் கோரல் மில் தொழிலாளர்கள் மறுபடியும் வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக அல்ல, தங்கள் தலைவர்களுக்காக. அதே வருஷம் ஜூலையில் திலகருக்காகப் பம்பாய்த் தொழிலாளர்கள் ஆறு நாள் வேலைநிறுத்தம் செய்வதற்கு நான்கு மாதம் முன்பே நடந்த சம்பவம் இது! வ.உ.சி.க்கு 40 வருஷ நாடு கடத்தல் தண்டனை விதித்தார்கள். பிறகு அது குறைக்கப்பட்டது. சிறையில் செக்கிழுத்து 1912 டிசம்பரில் வெளியே வந்தார்.

ஜாக் லண்டன் பெரிய ஆசிரியர்தான். ஆனால் அவருடைய நாவலில், சங்கத்துக்கு வெளியே கிடக்கிற பரம ஏழைகள் வெறும் வெறிக்கூட்டம். சிகாகோ நகரத்தில் கத்திக்கொண்டு ஓடி வருகிறார்கள். யந்திரத் துப்பாக்கி அவர்களை அறுத்துத் தள்ளுகிறது. அவர்களுக்கு முகமும் இல்லை, பேச்சும் இல்லை. சீனர், ஜப்பானியர் போன்ற ஆசிய மக்களை அவருடைய பேனா இழிவாக எழுதியதும் உண்டு. அந்தப் பேனாவால், அதே வருஷத்தில் ஒரு கறுப்புத் துறைமுகத்தில் எழுத்தறியாத ஜனங்கள் ஒன்பது நாளில் ஒரு வெள்ளைக் கம்பெனியை வணங்க வைப்பார்கள் என்று கற்பனை செய்ய முடியவில்லை. கதைக்கு எட்டாதது கோரல் மில் வாசலில் நடந்தது.

சுவர் எங்கே இருக்கிறது?

பொய்யைச் சொன்னோம். இனி எச்சரிக்கை. இதற்காகத்தான் இவ்வளவும் எழுத வந்தோம்.

இரும்புக் குதிகால் மூன்று நூற்றாண்டு நின்றது எதனால்? பட்டாளத்தால் மட்டுமா? இல்லை என்கிறார் ஜாக் லண்டன். முதலாளிக் கும்பல் ஒரு தந்திரம் செய்கிறது. ரயில்வே, இரும்பு உருக்கு, யந்திரத் தொழில் போன்ற பலமான சங்கங்களை மட்டும் தனியாகக் கூப்பிடுகிறது. அவர்களுக்குக் கூலியை உயர்த்துகிறது. வேலை நேரத்தைக் குறைக்கிறது. நல்ல வீடும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் கட்டித் தருகிறது. அந்தச் செலவெல்லாம் யார் தலையில்? சங்கமில்லாத மற்றத் தொழிலாளர்களின் தலையில்! அவர்கள் அடிமைகளாகிறார்கள். சலுகை பெற்றவர்கள் தனி ஜாதியாகிறார்கள். மேலே இருப்பவனுக்கும் கீழே இருப்பவனுக்கும் நடுவில் இருந்ததாக நாம் நினைத்த சுவர், தொழிலாளிக்கும் தொழிலாளிக்கும் நடுவில் எழும்பிவிடுகிறது. 'ஊர் இரண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம்' என்று நமது பாட்டிகள் சொன்னதைத்தான் அவர் ஒரு நாவலாக எழுதினார்.

தோழர்களே, நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். இந்தச் சுவர் நம்மிடம் இல்லையா?

ஒரே கேட், ஒரே யந்திரம், ஒரே தூசி. ஒருவருக்குப் பி.எப்., போனஸ், லீவு, மருத்துவ வசதி. பக்கத்தில் நிற்பவருக்குக் காண்டிராக்டர் கையில் வைத்துக் கொடுக்கிற நாள் கூலி. கேட்டால் நம்மவரில் சிலரே சொல்கிறார்கள்: "அவன் காண்டிராக்ட் ஆள் அண்ணாச்சி. அவன் பிரச்னை வேற, நம்ம பிரச்னை வேற." இதைச் சொல்லிக் கொடுத்தது யார்? எந்த முதலாளியும் நேரில் வந்து சொல்லவில்லை. நாமே படித்துக்கொண்டோம்!

உப்பளத்துக்குப் போய்ப் பாருங்கள். ராஜம் கிருஷ்ணன் 1979-ல் 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதியபோது நாளைய உலகத்தைக் கற்பனை செய்யவில்லை. தூத்துக்குடிக்கு வந்து உப்பளத் தொழிலாளரின் வாழ்க்கையைக் கண்டு எழுதினார். கொதிக்கிற வெயில், கண்ணைப் பறிக்கிற வெள்ளை, உப்புநீரில் ஊறி வெடித்த பாதம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடிக்கு. ஆனால் மழைக்காலம் வந்தால் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. போராடிக் கேட்ட பிறகு, மழைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் என்று மாநில சர்க்கார் 2021-ல் அறிவித்தது. துறைமுகத்தில் ஏறும் அந்த உப்பைத் தூக்குகிற தொழிலாளியும், பாத்தியில் அதை வாருகிற பெண்ணும் ஒரு சங்கக் கூட்டத்தில் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்களா?

விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் மழை பொய்த்தால், அங்கே களையெடுத்த கை இங்கே உப்பு வாருகிறது. மில்லில் காண்டிராக்ட் ஷிப்டுக்கு நிற்கிறது. கூலி விவசாயி, உப்பளத் தொழிலாளி, மில் தொழிலாளி என்று நாம் மூன்று பெயர் வைத்திருக்கிறோம். பசிக்கு ஒரே பெயர்தான்.

மேலே இருப்பவர்கள் சும்மா இல்லை. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய 1970-ம் வருஷச் சட்டம், 20 பேரை வைத்து வேலை வாங்குகிற காண்டிராக்டரையும் கட்டுப்படுத்தியது. 2020-ல் பார்லிமெண்டில் நிறைவேற்றி 2025 நவம்பரில் அமலுக்குக் கொண்டுவந்த புதிய சட்டத் தொகுப்பில் அந்த எண்ணிக்கை 50 ஆகிவிட்டது. 30 பேரை, 40 பேரை வைத்திருக்கிறவன் இந்த வேலியைத் தாண்டிவிட்டான்! வேலைநிறுத்தம் செய்ய எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டுமாம். 1908-ல் இந்தச் சட்டம் இருந்திருந்தால் கோரல் மில் போராட்டம் தொடங்குவதற்கு முன்பே, ஹார்வி துரை கறுங்காலிகளைக் கொண்டுவந்து இறக்கியிருப்பார்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியது. எல்லாச் சங்கங்களும் கொடி வித்தியாசமின்றி எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அதை வாபஸ் வாங்குவதாக அறிவித்தார்கள். பத்து நாள் போதுமாயிருந்தது.

2018-ஐ மறக்க முடியுமா? ஸ்டெர்லைட் தாமிர ஆலையை எதிர்த்த போராட்டத்தின் நூறாவது நாளான மே 22-ல் ஜனங்கள் கலெக்டர் ஆபீசை நோக்கிப் போனார்கள். மீனவர், வியாபாரி, மாணவர், வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒன்றாகப் போனார்கள். போலீஸ் சுட்டதில் 13 உயிர் போயிற்று. 1908-ல் நெல்லையில் நான்கு. 110 வருஷம் கழித்து, சுதந்திர நாட்டில், 13! ஆனாலும் அந்த மாதமே ஆலையை மூட சர்க்கார் உத்தரவிட்டது. திறக்கக் கேட்ட கம்பெனியின் மனுவை 2024 பிப்ரவரி 29-ல் உச்சநீதிமன்றமும் தள்ளிவிட்டது. இங்கேயும் அந்தச் சுவரைக் கட்டப் பார்த்தார்கள். ஆலைக்குள் கூலிக்கு நின்ற காண்டிராக்ட் தொழிலாளியையும் ஆலைக்கு வெளியே நின்ற மீனவனையும் மோதவிட்டுக் குளிர்காயப் பார்த்தார்கள். வேலை இழந்தவனும் நம்மவன், உயிர் இழந்தவனும் நம்மவன் என்பதை நாம் மறக்கக்கூடாது. அவனுக்கு மாற்று வேலை கேட்பதும் நமது கோரிக்கைதான்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் நாம் சொல்லப் போவதில்லை. சின்னக் காரியம் ஒன்று சொல்கிறோம். உங்கள் சங்கத்தின் உறுப்பினர் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். அதில் காண்டிராக்ட் தொழிலாளி எத்தனை பேர்? கோரிக்கைப் பட்டியலில் அவனுடைய கூலி எத்தனையாவது இடத்தில் இருக்கிறது? கடைசியில், 'இதர கோரிக்கைகள்' என்ற தலைப்பின் கீழே கிடந்தால், அதுதான் சுவர். செங்கல் நம் கையால் வைத்தது. எடுக்க வேண்டியதும் நாம்தான்.

ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது நமது ஆசை மட்டுமல்ல. பஞ்சாப் சர்க்காரின் தற்காலிக ஊழியர் வழக்கில், அந்தக் கொள்கை தற்காலிக ஊழியருக்கும் பொருந்தும் என்று 2016 அக்டோபர் 26-ல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது. தீர்ப்பு காகிதத்தில் இருக்கிறது. அதை மில் கேட்டுக்குக் கொண்டுவர வேண்டியது சங்கம். நிரந்தரத் தொழிலாளி தன் கோரிக்கைக்கு முன்னால் பக்கத்தில் நிற்பவனுடைய கோரிக்கையை வைக்கட்டும். நஷ்டம் ஒன்றுமில்லை. இன்றைக்குக் காண்டிராக்ட் கூலி கிடைக்கிற விலைக்கு ஆள் இருக்கும்வரை, நாளைக்கு உங்கள் பிள்ளைக்கு நிரந்தர வேலை கொடுக்க எந்த முதலாளிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது?

'இரும்புக் குதிகால்' நாவல் ஒரு கையெழுத்துப் பிரதியின் உருவத்தில் எழுதப்பட்டிருக்கிறது. எர்னஸ்டின் மனைவி எழுதி மரப் பொந்தில் ஒளித்து வைத்தது, 700 வருஷம் கழித்துக் கிடைக்கிறதாம். எதிரிகள் வந்துவிட்டதால் அது ஒரு வாக்கியத்தின் பாதியிலேயே நின்றுபோகிறது.

நமக்கு 700 வருஷம் காத்திருக்க அவகாசம் இல்லை, அவசியமும் இல்லை. கோரல் மில் தொழிலாளிக்கு ஒன்பது நாள் போதுமாயிருந்தது. உள்ளே இருந்தவனும் வெளியே இருந்தவனும் ஒன்றாக நின்றார்கள் என்பதைத் தவிர, அவர்களிடம் வேறு ஆயுதம் இருக்கவில்லை. அந்த ஆயுதம் நம்மிடமும் இருக்கிறது. துருப்பிடிக்க விட்டிருக்கிறோம், அவ்வளவுதான். அடுத்த சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, தனியாகப் போகாதீர்கள். பக்கத்து யந்திரத்தில் நிற்கிற அந்தக் காண்டிராக்ட் தொழிலாளியையும் கையோடு அழைத்துக்கொண்டு போங்கள்.